காவிரி டெல்டாவில் ஒரு கல்லூரியில் இருந்துகொண்டு வானியற்பியல் ஆய்வுக்கு வேண்டியதை எப்படித் திரட்டுவது, எப்படிப் பகிர்வது?

கேட்டிருப்பது இதுதான்: கும்பகோணத்தை அடுத்த ஓர் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல். துறையில் சொல்லிக்கொள்ளும்படி தொலைநோக்கி கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கில் லிங்க் கிடக்கிறது, எதைத் திறப்பது என்று தெரியவில்லை. புராஜெக்டுக்கு உதவுகிற மாதிரியும், ஜூனியர்கள் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரியும் அதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

அந்தக் குவியலை அப்படியே விட்டுவிடுங்கள். வகை பிரிக்க உட்கார்ந்தால் ஒரு செமஸ்டர் போய்விடும், பாதி லிங்க் திறக்கவும் திறக்காது. பத்துப் பன்னிரண்டு தளங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் திறந்து, விடை முன்பே தெரிந்த ஒரு பொருளை வைத்து ஓட்டிப் பார்த்து, எங்கே சறுக்கும் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். லிங்க் எல்லோருக்கும் கிடைக்கும். அந்தக் குறிப்புதான் கிடைக்காது.

தொலைநோக்கி இல்லாதது பெரிய குறையில்லை. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மேகத்தோடு போய்விடும். தை, மாசியில் வானம் திறந்தாலும் வயல்வெளிப் பனி லென்ஸில் இறங்கும். உலகம் முழுக்கவே காப்பகத் தரவை வைத்து எழுதுவதுதான் இப்போது வழக்கம். ஹபிள் தரவில் வரும் பேப்பர்களில், நேரம் கேட்டு வாங்கியவர்கள் எழுதியதைவிடப் பிறகு காப்பகத்திலிருந்து எடுத்தவர்கள் எழுதியது அதிகம்.

பேப்பர் தேடுவதில் ஆரம்பியுங்கள். கூகுளை விட்டுவிட்டு நாசாவின் ஏ.டி.எஸ். தளத்துக்கு வாருங்கள். இலவசம், லாகின்கூடத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டுக் கட்டுரைகூட ஸ்கேனாகக் கிடைக்கும். இரண்டு சொல் போட்டு, ஆயிரக்கணக்கில் வந்ததைப் பார்த்து மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். தேடலின் மேல் இன்னொரு தேடல் போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் தேடலை அப்படியே அடைப்புக்குறிக்குள் வைத்து முன்னால் 'ரிவ்யூஸ்' என்று போட்டால், அந்தப் பேப்பர்களை நிறைய மேற்கோள் காட்டியவை, பெரும்பாலும் மதிப்பாய்வுக் கட்டுரைகள், மேலே வரும். 'யூஸ்ஃபுல்' என்று போட்டால் அந்தத் துறைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கைவைக்கும் அடிப்படைப் பேப்பர்கள் வரும். புதிதாக ஒரு தலைப்புக்குள் நுழைபவர் இந்த இரண்டிலும் முதல் பத்தைப் பார்த்தாலே நிலம் பிடிபடும். ஆசிரியர் பெயருக்கு முன் ^ குறி போட்டால் அவர் முதல் ஆசிரியராக எழுதியவை மட்டும் வரும். லாகின் செய்துகொண்டால் தேர்ந்த பேப்பர்களை ஒரு 'லைப்ரரி'யாகச் சேர்த்துப் பொதுவில் திறந்துவிடலாம். குழுவுக்கு அந்த ஒரு லிங்க் போதும்.

முழுக் கட்டுரை படிக்கக் காசு கட்ட வேண்டுமே என்ற பயம் வானியலில் பெரும்பாலும் தேவையில்லை. அமெரிக்க வானியல் கழகத்தின் இதழ்கள் 2022 முதலும், பிரிட்டனின் எம்.என்.ஆர்.ஏ.எஸ். இதழ் 2024 முதலும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி மாறிவிட்டன. பழையவற்றின் முன்வரைவு ஆர்க்கைவ் (arXiv) என்ற இலவசத் தளத்தில் இருக்கும். ஆர்க்கைவின் புதுப் பட்டியல் நம் நேரப்படி திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5.30க்கு வரும். அமெரிக்காவில் குளிர்கால நேரம் ஓடும் மாதங்களில் 6.30. அஸ்ட்ரோ-பிஎச் பிரிவுக்குள் ஆறு உட்பிரிவுகள் உண்டு. உங்களுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பின்தொடருங்கள், ஆறையும் பின்தொடர்ந்தால் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

மற்ற இயற்பியல் இதழ்களுக்கு 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கியது, சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்குத்தான் இது. உங்களுடையது அரசுக் கல்லூரி என்பதால் நூலகரிடம் கேளுங்கள். கல்லூரி பதிவாகியிருக்கிறதா, வீட்டிலிருந்து திறக்கத் தனி லாகின் தருவார்களா என்ற இரண்டு கேள்விதான். தனியார் கல்லூரி நண்பர்களுக்கு இது கிடையாது. அவர்களுக்கு இந்திய அறிவியல் அகாடமியின் தளத்தில் ஜர்னல் ஆஃப் அஸ்ட்ரோபிசிக்ஸ் அண்ட் அஸ்ட்ரானமி, ரெசொனன்ஸ் இரண்டின் பழைய இதழ்களும் உண்டு. இன்னொன்று சோத்கங்கா. இந்தியப் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கும். பேப்பரில் இரண்டு வரியில் தாண்டிப்போகும் செய்முறை, ஆய்வேட்டில் இருபது பக்கம் விரிவாக இருக்கும்.

பெயர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மு. கவிதா என்பவர் ஒரு பேப்பரில் 'கவிதா, எம்.' என்றும் அடுத்ததில் 'முருகேசன், கே.' என்றும் பதிவாகிவிட்டால், தேடல் தளங்களுக்கு அவர் இரண்டு ஆட்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எச் கூடினாலும் குறைந்தாலும் இதே கதைதான். முதல் மாநாட்டுச் சுருக்கம் அனுப்பும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்கி வையுங்கள். 16 இலக்கம், இலவசம். ஏ.டி.எஸ். கணக்கோடு அதை இணைத்து உங்கள் பேப்பர்களை உங்களுடையதாகக் குறித்துக்கொள்ளலாம். தமிழ் ஆசிரியர்களைத் தேடும்போதும் இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

அடுத்தது, ஒரு விண்மீனைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தது என்ன என்ற கேள்வி. நம் பால்வீதிப் பொருள்களுக்கு ஃபிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் மையம் நடத்தும் சிம்பாட், வெளி விண்மீன் மண்டலங்களுக்கு நெட் (NED), சூரியக் குடும்பத்துக்கு ஜே.பி.எல். ஹொரைசன்ஸ். சிம்பாடில் இருப்பவை பல பேப்பர்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மூலப் பேப்பரின் குறியீடு இருக்கும், அதைத் திறந்து பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள். மேற்கோளும் அந்த மூலப் பேப்பருக்குத்தான்.

அதே ஸ்ட்ராஸ்பூர்க்கின் விசியர் தளத்தில் கேட்டலாக்குகள் உள்ளன. அங்கே ஒரு பெரிய பொறி: இயல்பாக 50 வரிதான் காட்டும். பைதானில் ஆஸ்ட்ரோகுவெரி வழியாகக் கேட்டாலும் அதே 50தான், வரம்பை நீங்களே நீக்க வேண்டும். விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலக் காப்பகத்தில் உடனடி முறையில் கேட்டால் 2000 வரி. லாகின் இல்லாமல், வரிசையில் நின்று ஓடும் முறையில் கேட்டால் 30 லட்சம் வரை தரும். வந்த வரிகள் மிகச் சரியாக 50 என்றோ 2000 என்றோ இருந்தால் வானம் அங்கே நின்றுவிடவில்லை, தளம்தான் நிறுத்திவிட்டது.

விடை தெரிந்த பொருளை வைத்துச் சோதிக்கச் சொன்னதற்கு ஓர் உதாரணம் முழுதாகச் செய்து காட்டுகிறேன். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் மென்பொருள் வேண்டும். இலவசம், ஜாவா இருந்தால் ஓடும், 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப் கணினி தாங்கும். காப்பகத்துக்கு வினவல் அனுப்பும் டேப் (TAP) சாளரத்தைத் திறந்து கையா டி.ஆர்.3 அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். இது 2022 ஜூனில் வெளியானது, சுமார் 180 கோடிப் பொருள்கள். மையம் வலஏற்றம் 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் +24.12 டிகிரி, ஆரம் 2 டிகிரி. எல்லா நெடுவரிசையையும் இழுக்காதீர்கள், அது 150க்கு மேல் போகும். அடையாள எண், இரண்டு ஆயங்கள், இடமாறும் (பாரலாக்ஸ்) அதன் பிழையும், தனி இயக்கத்தின் (வானில் நகரும் வேகம்) இரண்டு கூறுகள், ஜி பொலிவு, நீல–சிவப்பு நிறக்குறி, ரூவி (RUWE) என்ற தரக் குறியீடு. இவ்வளவு போதும். நிபந்தனைகள்: இடமாறு 6.5க்கும் 8.5 மில்லி ஆர்க்செகண்டுக்கும் நடுவில், இடமாறு அதன் பிழையைப்போல் 10 மடங்குக்கு மேல், ரூவி 1.4க்குள்.

வந்ததும் தனி இயக்கத்தின் இரண்டு கூறுகளையும் எதிரெதிரே வரையுங்கள். சிதறிய புள்ளிகளுக்கு நடுவே ஆண்டுக்கு +20, −45 மில்லி ஆர்க்செகண்டைச் சுற்றி ஒரு கொத்து திரளும். அதைச் சுற்றி வளைத்துத் தனித் துணைத்தொகுதியாக்குங்கள். அவற்றை மட்டும் நிறக்குறிக்கு எதிரே ஜி பொலிவாக வரைந்தால் முதன்மை வரிசை ஒல்லியாக, சுத்தமாக விழும். அதற்குச் சற்று மேலே இணையாக ஓடும் மெல்லிய வரிசை இரட்டை விண்மீன்கள். சராசரி இடமாறு 7.36ஐ ஒட்டி வர வேண்டும். 1000ஐ அதால் வகுத்தால் 136 பார்செக், தொலைவுக் குறியீடு 5.67. இந்த எண்கள் வந்தால் உங்கள் கணினி, இணைப்பு, வினவல் எல்லாம் சரி.

வராவிட்டால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. கொத்து மெலிந்து தெரிந்தால் வரி வரம்பில் வெட்டுப்பட்டிருக்கும். கொத்தே இல்லையென்றால் ஆயத்தை மணிக்கணக்கில் கொடுத்திருப்பீர்கள்: 3 மணி 47 நிமிடத்தை டிகிரியாக மாற்றாமல் 3.78 என்று போட்டுவிடுவது சகஜம். பிரகாசமான ஆறேழு விண்மீன்களைக் காணவில்லையென்றால் அது உங்கள் தவறில்லை. அவ்வளவு ஒளி கையாவுக்கு அதிகம், அளவீட்டுத் தரம் குறைந்து வடிகட்டியில் போயிருக்கலாம்.

அந்த ரூவி வடிகட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் வழக்கம் பரவிவிட்டது. ஒற்றை விண்மீன் மாதிரியுரு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண் அது. 1.4க்கு மேல் போனால் பக்கத்தில் துணை இருக்கிறது என்பதற்கான அறிகுறியாகவும் இருக்கலாம். உங்கள் புராஜெக்ட் இரட்டை விண்மீன்கள் பற்றியது என்றால், நீங்கள் தேடி வந்ததையே வாசலில் துரத்திவிடுகிறீர்கள்.

தொலைவுக்கு இடமாறைத் தலைகீழாக்குவது கார்த்திகைக்குச் சரி. தூரப் பொருளுக்குச் சரிவராது. டி.ஆர்.3 இடமாறுகளில் சராசரியாக −0.017 மில்லி ஆர்க்செகண்ட் அளவுக்கு ஒரு சாய்வு உண்டு. 7.36இல் அது தூசு. 0.2 மட்டுமே உள்ள விண்மீனில் எட்டு, ஒன்பது சதவீதம். திருத்தத்துக்கான நிரலைக் கையா குழுவே வெளியிட்டிருக்கிறது.

இரண்டு கேட்டலாக்குகளைப் பொருத்தும்போது ஆண்டைக் கவனியுங்கள். டி.ஆர்.3 ஆயங்கள் 2016.0க்கு உரியவை. டூமாஸ் (2MASS) அகச்சிவப்புக் கணக்கெடுப்பு 1997 முதல் 2001 வரை எடுத்தது. பர்னார்டு விண்மீன் ஆண்டுக்கு 10.4 ஆர்க்செகண்ட் நகர்கிறது, 16 ஆண்டில் 166 ஆர்க்செகண்ட். ஒரு ஆர்க்செகண்ட் வட்டத்தில் பொருத்தினால் அது கிடைக்காது, கூட்டமான பகுதியில் வேறு எதையாவது அதென்று நினைத்துக்கொள்வீர்கள்.

மாறொளிர் விண்மீன், புறக்கோள் பக்கம் போகிறவர்களுக்கு விண்கலத் தரவுள்ள மாஸ்ட் காப்பகமும் லைட்கர்வ் என்ற பைதான் தொகுப்பும். டெஸ் விண்கலம் செக்டார் எனப்படும் வானத் துண்டு ஒவ்வொன்றையும் 27 நாள் பார்க்கிறது. இரண்டு நிமிட இடைவெளி ஒளிவளைவு ஒரு செக்டாருக்குச் சுமார் 2 எம்பி, மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே முடிந்துவிடும். ஆனால் டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் அகலம். அதற்குள் பக்கத்து விண்மீனின் ஒளியும் விழும், ஒளி குறைவது யாருடையது என்று தெரியாது. லைட்கர்வைத் திறக்கும் முன் அதே இடத்தைக் கையாவில் ஓர் ஆர்க்நிமிட ஆரத்துக்குப் பார்த்துவிடுங்கள்.

நேரக் கணக்கு இதைவிட மோசமான பொறி. ஜூலியன் நாள் (வானியலில் நாள்களைத் தொடர்ந்து எண்ணும் எண்) கிடைக்க டெஸ் நேரத்தோடு 2457000 கூட்ட வேண்டும், கெப்ளர் விண்கல நேரத்தோடு 2454833. தரைத் தொலைநோக்கித் தரவு பெரும்பாலும் சூரிய மையத்துக்குத் திருத்தியது, யூ.டி.சி.யில். விண்கலத் தரவு சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்குத் திருத்தியது, டி.டி.பி. என்ற நேர அளவுகோலில். இரண்டு அளவுகோலுக்கும் இடையே 69 விநாடி வித்தியாசம். திருத்தவே திருத்தாத வெறும் ஜூலியன் நாளாக இருந்தால் 8 நிமிடத்துக்கு மேலும் போகும். கிரகண நேர மாற்றத்தை வைத்து மூன்றாவது விண்மீன் இருக்கிறது என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு நிமிடம் என்பது வாழ்வா சாவா பிரச்சினை. நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு: ஜூலியன் நாள் மாறுவது மாலை 5.30க்கு, ஆகவே நம் ஊர் இரவு முழுக்க ஒரே முழு எண்ணில் அடங்கிவிடும்.

இந்தியக் காப்பகங்களை நம் ஆட்களே குறைவாகத்தான் பயன்படுத்துகிறார்கள். 2015 செப்டம்பர் 28இல் ஏவிய விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட்டின் தரவு, பெங்களூரு அருகே பையலாலுவில் உள்ள இஸ்ரோ தரவு மையத்தில் இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் எடுக்கலாம். கருந்துளை இரட்டைகளின் வேகமான எக்ஸ் கதிர் மாற்றங்களுக்கு லாக்ஸ்பிசி கருவி அருமையானது, 10 மைக்ரோவிநாடி வரை பிரித்துக் காட்டும். ஆதித்யா-எல்1, சந்திரயான்-2 தரவு அதே மையத்தின் பிரதான் தளத்தில்.

ரேடியோ என்றால் புனே அருகே கொடத் (Khodad) கிராமத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி. 45 மீட்டர் விட்டத்தில் 30 தட்டுகள். நேரம் வாங்கியவருக்கு மட்டும் 18 மாதம், பிறகு காப்பகம் எல்லோருக்கும் திறந்துவிடும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மூலத் தரவை இழுக்காதீர்கள், அளவும் பெரிது, குறுக்கீட்டைக் களையவே மாதங்கள் போகும். 150 மெகாஹெர்ட்சில் வானத்தின் பெரும்பகுதியைப் படமெடுத்து வைத்த டி.ஜி.எஸ்.எஸ். படங்கள் தயாராகக் கிடைக்கின்றன, அதில் தொடங்குங்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நமக்குப் பக்கம். 1904 முதலான சூரியத் தட்டுப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கித் திறந்து வைத்திருக்கிறது. 4096க்கு 4096 பிக்சல், 16 பிட் என்பதால் ஒரு படம் சுமார் 33 எம்பி. தினம் ஒன்று வீதம் ஓர் ஆண்டு எடுத்தால் 12 ஜிபி. நாள் முழுக்க ஓடவிடும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பிளேட்டுகளில் வடக்கு எந்தப் பக்கம், நேரக்குறிப்பு சரியா என்று சரிபார்க்காமல் சூரியப் புள்ளிகளின் அட்சரேகையைக் கணக்கிட்டால், காலத்துக்கு எதிரே அட்சரேகையைக் காட்டும் பட்டாம்பூச்சி வரைபடம் இரண்டு இறக்கையும் கலந்து வரும்.

பெரிய ஃபைல்களை பிரவுசரில் இறக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் டபிள்யூகெட் மாதிரி நிரலில் இரவில் ஓடவிடுங்கள். அதைவிட நல்லது, தரவு இருக்கும் இடத்திலேயே கணக்கை முடிப்பது. சைசர்வர், ஆஸ்ட்ரோ டேட்டா லேப் இரண்டிலும் இலவசக் கணக்கு தொடங்கி பிரவுசரிலேயே பைதான் ஓட்டலாம். வீட்டுக்கு வருவது கடைசி அட்டவணையும் படமும்தான்.

பகிர்வதற்கு ஒரே ஒரு விரிதாள் வையுங்கள், வாட்ஸ்அப்பில் அதன் லிங்க் மட்டும். தளத்தின் பெயர், எந்தக் கேள்விக்கு விடை தரும், லாகின் வேண்டுமா, தோராய அளவு, சோதனைப் பொருளும் வர வேண்டிய எண்ணும், தெரிந்த பொறி, கடைசியாகத் திறந்து பார்த்த தேதி, பார்த்தவர். இவைதான் நெடுவரிசைகள். சோதனை எண் இல்லாத வரியைச் சேர்க்க விடாதீர்கள், இந்த ஒரு கண்டிப்புதான் பட்டியலைக் காப்பாற்றும். ஆறு மாதம் யாரும் தொடாத வரியை வேறு பக்கத்துக்குத் தள்ளுங்கள். பேப்பருக்கு இணைய முகவரி எழுதாமல் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண்ணையோ ஏ.டி.எஸ்.ஸின் 19 எழுத்துக் குறியீட்டையோ எழுதுங்கள். முகவரிகள் மாறும், இவை மாறாது.

பி.டி.எஃப். கோப்புகளைக் குவித்துப் பகிர வேண்டாம். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறம், இடம் இன்னொருபுறம். மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருளின் இலவசக் கணக்கு 300 எம்பியில் நிரம்பிவிடும். அதில் மேற்கோள் விவரமும் உங்கள் குறிப்பும் மட்டும் இருக்கட்டும், கட்டுரைக்கு ஆர்க்கைவ் எண். நிரல்களை கிட்ஹப்பில் வையுங்கள். செமஸ்டர் முடிவில் அதன் ஒரு பதிப்பை செனோடோ என்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றினால் டி.ஓ.ஐ. கிடைக்கும், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடமும் உண்டு. உரிமத்தையும் எழுதுங்கள். உரிமம் எழுதாத நிரலைச் சட்டப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது, நீங்கள் பொதுவில் வைத்திருந்தாலும். இன்னும் திறக்கப்படாத தரவை, வழிகாட்டி தந்தார் என்பதற்காகக் குழுவில் போட்டுவிடாதீர்கள். கையா, சிம்பாட், ஆஸ்ட்ரோசாட் எல்லாமே பேப்பர் முடிவில் போட வேண்டிய நன்றி வாசகத்தைத் தங்கள் பக்கத்தில் வைத்திருக்கின்றன. அதையும் விரிதாளில் ஒட்டிவிட்டால் கடைசி நாளில் தேட வேண்டாம்.

ஆள் துணைக்கு: உங்கள் ஆசிரியர் புனேயில் உள்ள ஐயூக்கா (IUCAA) வானியல் மையத்தின் அசோசியேட் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்காகவே உள்ளது அது. மாணவர்களுக்குக் கோடைத் திட்டங்கள் உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனம் பெங்களூரு கோரமங்கலாவில் இருக்கிறது, கடலூர் துறைமுகம்–மைசூரு ரயில் கும்பகோணம் வழியாகவே பெங்களூரு போகிறது. முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய் வரலாம்.

காப்பகங்களின் உதவி மையத்துக்கு எழுதத் தயங்க வேண்டாம், முன்பின் தெரியாத மாணவருக்கும் பதில் வரும். 'டேட்டா வரவில்லை' என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கேள்விதான் வரும். ஓட்டிய வினவலை எழுத்து மாறாமல் ஒட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பிழைச் செய்தியை முழுதாக, ஓட்டிய நேரத்தை யூ.டி.சி.யில், அதாவது நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் குறைத்து, மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். என்ன எண் வர வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதையும். வந்த பதிலை அந்த வரியின் 'பொறி' கட்டத்தில் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.